உழவு இயந்திரம் வராத நாளில்...

2022ஆம் ஆண்டை எந்தக் குடும்பத் தலைவியும் மறந்திருக்க மாட்டாள். எரிவாயு சிலிண்டருக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை, டீசலுக்கு இன்னொரு வரிசை! கற்பிட்டி, கண்டக்குழி, மாம்புரி, உடப்பு என்று நீளும் புத்தளம் மாவட்டக் கரையில் அந்த வரிசைகளுக்கு இன்னுமொரு பொருள் இருந்தது. மண்ணெண்ணெய் இல்லாவிட்டால் படகு கடலுக்குப் போகாது. டீசல் இல்லாவிட்டால், கரைக்கு வந்த படகை மேலே இழுத்து வைக்க உழவு இயந்திரமும் வராது.

படகை மேலே ஏற்றாமல் விட்டால் என்ன? மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் இந்தக் கேள்விக்குக் கடலே பதில் சொல்லிவிடும். ஓர் இரவு அலை ஏறினால் போதும். படகு புரளும், பக்கம் வெடிக்கும். அந்தப் படகின் மேல் கடன் இருக்கும். பல வீடுகளில் மனைவியின் நகையும் அடகில் இருக்கும். ஆகவே படகை மேட்டில் ஏற்றுவது ஆண்களின் வேலை மட்டுமல்ல, அடுப்பெரியும் விஷயம்!

பாரம் எங்கே இருக்கிறது?

படகு ஒன்றின் எடை 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த மணலில் அப்படியே இழுத்தால், அதன் எடையில் பாதியளவை மணலின் உராய்வே பிடித்து நிறுத்தும் என்று கொள்வோம். அது 250 கிலோ. பத்தடிக்கு ஓரடி உயரும் கரையென்றால் சரிவுக்காக இன்னும் 50 கிலோ. ஆக 300 கிலோ இழுவை வேண்டும். ஒருவர் 25 கிலோ வீதம் இழுத்தால் பன்னிரண்டு பேர் தேவை.

இப்போது மணலில் பலகை விரித்து, அதன்மேல் உருளைக் கட்டைகளைப் போடுங்கள். உராய்வு 50 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். சரிவோடு சேர்த்து 100 கிலோ. நான்கு பேர் போதும்! எட்டுப் பேருடைய வேலையை நாலு கட்டையும் இரண்டு பலகையும் செய்துவிடுகின்றன. பலகை இல்லாமல் வெறும் மணலில் கட்டை போட்டால் அது புதைந்து நின்றுவிடும். கட்டை கிடைக்காத இடத்தில் பச்சைத் தென்னை மட்டைகளைக் குறுக்கே அடுக்கிக் கடல் நீரைத் தெளித்தால், படகு அவற்றின்மேல் வழுக்கிக்கொண்டு வரும்.

முறை அறிந்து செய்தால்...

முதல் வேலை, படகைக் காலியாக்குவது. 25 குதிரை வலு இன்ஜினே 50 கிலோ அளவில் இருக்கும். அதைக் கழற்ற வேண்டும். வலை, ஐஸ் பெட்டி, எண்ணெய்க் கலன் எல்லாம் இறங்க வேண்டும். உள்ளே தேங்கிய தண்ணீரையும் மறக்கக் கூடாது. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. நூறு லீற்றர் கிடந்தால் நூறு கிலோ வீண் பாரம் அங்கேயே இருக்கிறது!

அடுத்தது, அலையை வேலை வாங்குவது. பெரிய அலை வந்து படகைத் தூக்கும் கணத்தில் எல்லோரும் சேர்ந்து இழுத்தால் பல அடி தூரம் சும்மா கிடைக்கும். அலை திரும்பும்போது இழுப்பது வீண் உழைப்பு.

மேட்டில் தென்னை மரமோ, ஆழப் புதைத்த கட்டையோ இருந்தால் கப்பி கட்டலாம். இரண்டு இரட்டைக் கப்பிகளில் கயிற்றை நான்கு முறை ஓட்டினால், 100 கிலோ இழுவைக்கு 25 கிலோவும் கப்பியின் உராய்வுக்குச் சற்று மேலும் கொடுத்தால் போதும். ஆனால் சும்மா வருவதில்லை. படகு ஓரடி நகர நான்கு அடி கயிறு இழுக்க வேண்டும். பலத்துக்குப் பதில் பொறுமை!

மேலே வந்தபின், சரியான இடத்தில் திருப்பி வைப்பதுதான் பலருக்குத் தெரியாத கலை. படகின் நடுப்பகுதிக்குக் கீழே சிறு மணல் மேடு போட்டு, அதன்மேல் அடிமரம் அமர்ந்தால் போதும். முன்னும் பின்னும் தூக்கலாகிவிடும். பிறகு இருவர் முனையைத் தள்ளினால் திருகையைப் போல் சுற்றும். சிறிது தூக்க வேண்டுமென்றால் அலவாங்கு இருக்கிறது. ஆறடி அலவாங்கை, நுனியிலிருந்து அரையடியில் கல் வைத்து அமுக்கினால், 30 கிலோ அழுத்தம் 300 கிலோவுக்கு மேல் தூக்கும். கடைசியாக இரு பக்கமும் மணல் மூட்டைகளை வைத்து இறுக்க வேண்டும்.

மேல்நாடுகளில் சக்கரம் பூட்டிய வீட்டு வண்டிகளை இழுக்கும் கார் இல்லாமல் இடத்தில் நிறுத்துகிறவர்களுக்கும் இதே பலகை, ஆப்பு, கப்பி, நெம்புகோல் கைகொடுக்கும்!

கவனம், சகோதரிகளே!

இழுபட்ட நைலோன் கயிறு அறுந்தால் சாட்டையாய்த் திரும்பி அடிக்கும். ஆகவே கயிற்றுக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. படகின் கீழ்ப்பக்கச் சரிவில் நிற்கவே கூடாது. உருளையைச் சரிசெய்யக் கையை விடாதீர்கள், கம்பால் தள்ளுங்கள். பின்முனையின் பக்கவாட்டில் ஆப்புடன் ஒருவர் எப்போதும் தயாராக இருக்கட்டும். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்துவது தாய்மாரின் பொறுப்பு. கட்டளை கொடுக்கும் குரல் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு பேர் கத்தினால் கால்தான் நசுங்கும்.

அந்த ஒரே குரலுக்குத்தான் நம் முன்னோர் பாட்டைத் துணைக்கு வைத்தார்கள். உடப்பில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்கள் பெயர் பெற்றவை. பாட்டு பொழுதுபோக்குக்காக மட்டுமல்ல. எந்தக் கணத்தில் எல்லாக் கைகளும் ஒன்றாக இழுக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. பத்துப் பேர் பத்து நேரத்தில் இழுத்தால் படகு அசையாது.

கைகள் போய்விட்டால்?

உழவு இயந்திரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதுகு ஒடிந்தவருக்கு அது நிம்மதி. ஆனால் கரைவலையை இயந்திர வின்ச்சால் இழுக்கலாமா என்று அண்மை ஆண்டுகளில் எழுந்த வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. வலை இழுக்கும் கைகளுக்கு மீனில் பங்குண்டு. இயந்திரம் இழுத்தால் அந்தப் பங்கு யாருக்கு? இழுக்க ஆள் கிடைக்கவில்லை என்று வலைக்காரர் சொல்வதிலும் உண்மை உண்டு. இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும்.

1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெரும் பகுதி இந்த மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தது. மன்னார்த் தீவிலிருந்து பலர் படகிலேதான் கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். வெறுங்கையோடு வந்தவர்களுக்கு அன்று கிடைத்த முதல் உதவி இயந்திரமல்ல, கரையில் நின்றவர்களின் கைகள்.

இந்தப் பாடம் வீட்டுக்கும் பொருந்தும். நாளை அலுமாரியை நகர்த்த வேண்டி வந்தால், முதலில் உள்ளே உள்ளதை இறக்குங்கள். காலுக்கடியில் பழைய சாக்கை மடித்து வையுங்கள். தூக்காமல், ஒரு மூலை மாற்றி மறு மூலையாக நடத்திச் செல்லுங்கள். அப்படியும் முடியாவிட்டால் வெட்கப்படாமல் அடுத்த வீட்டு ராத்தாவைக் கூப்பிடுங்கள். நாளை அவருக்கும் ஒரு பாரம் இருக்கும், அப்போது நீங்கள் போங்கள்!