அம்மாவுக்கும் ஒரு தட்டு

திருவல்லிக்கேணியில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று உண்டு. கணவர், மனைவி, மாமியார், இரண்டு குழந்தைகள். வருமானம் அளவானது, வீடு அதைவிட அளவானது! ஆனாலும் ராத்திரி எட்டு மணிக்குப் போனால், சிரிப்புச் சத்தம் மாடிப்படி வரை கேட்கும்.

"என்ன ரகசியம்?" என்று அந்த வீட்டு அம்மாளைக் கேட்டேன்.

"ரகசியமாவது, ஒன்றாவது! ராத்திரி ஐந்து பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறோம், அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதானா? எத்தனை வீடுகளில் சமைத்தவளுக்கு உட்கார நேரம் கிடைக்கிறது? எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அவள் உட்காரும்போது ரசம் ஆறிவிடுகிறது, அப்பளம் நமத்துவிடுகிறது, மற்றவர்கள் ஆளுக்கொரு செல்போனுடன் எழுந்து போய்விடுகிறார்கள். கேட்டால், "எனக்குப் பழகிவிட்டது" என்பாள். பழக்கம் வேறு, திருப்தி வேறு அல்லவா?

அந்த வீட்டிலும் ஒரு காலத்தில் இப்படித்தான். ஒருநாள் பெண் குழந்தை பள்ளிக்கூடக் கட்டுரையில், 'எங்கள் அம்மாவுக்குப் பசியே எடுக்காது' என்று பெருமையாக எழுதியிருந்தாள். அம்மாள் படித்துவிட்டுச் சிரித்தார். கணவரால் சிரிக்க முடியவில்லை. மறுநாளே பாத்திரங்களெல்லாம் கூடத்துக்கு வந்துவிட்டன. பிள்ளை தட்டும் தண்ணீரும் வைப்பான், அவரவர் பரிமாறிக்கொள்வார்கள், பாத்திரம் தேய்ப்பது கணவர் பொறுப்பு.

"நாங்களெல்லாம் அப்படியா இருந்தோம்?" என்று மாமியார் முதல் வாரம் முகம் சுளித்தாராம். இப்போது மருமகள் வந்து உட்காரும் வரை அவர் சாதத்தில் கை வைப்பதில்லை.

"தோசை என்றால் என்ன செய்வீர்கள்?" என்றேன்.

"முறை வைத்து வார்ப்போம். அவர் வார்ப்பது மட்டும் இன்னும் வட்டமாக வரவில்லை!"

எல்லா வீட்டிலும் இப்படி நடக்கிறதா என்றால், கணக்கு வேறு சொல்கிறது. மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரக் கணக்கின்படி, நம் நாட்டில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம் செலவிட்டார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிஷம். 2024-ல் மறுபடி எடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களுக்குப் பத்து நிமிஷம் மிச்சமாயிற்றே என்று சந்தோஷப்படுவதற்குள், ஆண்களும் ஒன்பது நிமிஷம் குறைத்துக்கொண்டுவிட்டார்கள்!

குடும்ப சந்தோஷத்தைக் கடை கடையாகத் தேட வேண்டாம், சகோதரிகளே! இன்று ராத்திரி தட்டுகளை எண்ணும்போது உங்கள் தட்டையும் சேர்த்து எண்ணுங்கள். சாதம் சூடாக இருக்கும்போதே உட்காருங்கள். உங்களுக்கும் பசிக்கும் என்பது குழந்தைகளுக்குத் தெரியட்டும்.