ஸ்பீக்கர் வருவதற்கு முன்னாடி அம்மனுக்கு யார் பாடினார்கள்? ஏற்காடு முதல் சேலம் வரை ஒரு கும்மிக் கதை

ஆடி பிறந்தால் சேலத்தில் தூக்கம் கொஞ்சம் குறையும். தெருவுக்குத் தெரு பந்தல், வேப்பிலைத் தோரணம், கூழ் அண்டா. கூடவே அதிகாலையிலேயே ஸ்பீக்கரில் எல்.ஆர்.ஈஸ்வரியின் கணீர்க் குரல். ஏற்காட்டில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இறங்கினால், ஊருக்குள் நுழையும்போதே அந்தச் சத்தம் வந்துவிடும்.

சரி, ஸ்பீக்கர் வருவதற்கு முன்னாடி அம்மனுக்குப் பாடியது யார்? பதில் சிம்பிள். அந்தந்தத் தெருவில் இருந்த பெண்கள். அதுவும் கூட்டமாக. கும்மி, முளைப்பாரிப் பாட்டு, தாலாட்டு, குலவை என்று ஊருக்கு ஊர் அதற்குப் பல வடிவங்கள். இந்தக் கூட்டுப் பாட்டு எப்படி நடக்கிறது, அதை ஏன் வழிபாடு என்கிறோம், இப்போது அதற்கு என்ன ஆகிறது? பார்க்கலாம்.

மலை மேலே ஒரு காவேரி அம்மன்

ஏற்காடு என்றதும் ஏரி, படகு, காபித் தோட்டம்தான் ஞாபகம் வரும். ஆனால் சேர்வராயன் மலை உச்சியில், கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,620 மீட்டர் உயரத்தில் ஒரு குகைக் கோயில் இருக்கிறது. உள்ளே சேர்வராயன் சாமி, கூடவே காவேரி அம்மன். அதாவது மலை ஒரு தெய்வம், ஆறு ஒரு தெய்வம். மே மாதத் திருவிழாவுக்கு சுற்றியுள்ள மலைக் கிராம மக்கள் இங்கே திரளுவார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்து கேரளாவா என்று கேட்காதீர்கள். மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது, பேசுவது தமிழ்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 3.5 லட்சம் பேருடன், தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் இவர்கள்தான் மிகப்பெரிய சமூகம்.

மலைக்கும் கீழே இருக்கும் நகரத்துக்கும் நடுவே தண்ணீர் உறவு ஒன்று உண்டு. சேர்வராயன் மலைத்தொடரில் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலம் நகருக்குள் ஓடி, கடைசியில் காவிரியில் கலக்கிறது. அந்த ஆற்றங்கரையில்தான் சேலத்தின் கோட்டை மாரியம்மன் இருக்கிறாள். அவளுடைய ஆடித் திருவிழாவுக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மாரி என்றால் மழை. மேலே ஆறு, கீழே மழை என இரண்டு இடத்திலும் தண்ணீர்தான் பெண் தெய்வமாக நிற்கிறது.

கும்மி எப்படி நடக்கும்?

நடுவில் ஒரு விளக்கோ, கரகமோ, முளைப்பாரியோ இருக்கும். சுற்றிலும் பெண்கள் வட்டமாக நிற்பார்கள். ஒருத்தர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். குனிந்து, நிமிர்ந்து, ஒரு எட்டு வைத்து, கைதட்டு. அந்தக் கைதட்டல்தான் தாளம். மேளம், மைக் எதுவும் தேவையில்லை. பாட்டு போகப் போக வேகம் கூடும்.

இந்தப் பாட்டுக்கு பெரும்பாலும் நோட்டுப் புத்தகமும் கிடையாது. அடி எடுத்துக் கொடுப்பவர் மனதில் இருப்பதுதான் டெக்ஸ்ட். அதனால் பாட்டில் புது விஷயங்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். நம்ம தெரு, நம்ம கிணறு, இந்த வருஷம் பொய்த்த மழை எல்லாமே உள்ளே வரும். ஒரு கோரிக்கை மனுவைப் பாட்டாகப் படிப்பது போலத்தான்.

முளைப்பாரி இதிலேயே ஸ்பெஷல். நவதானியங்களை மண் சட்டியில் போட்டு, வெளிச்சம் படாத அறையில் ஒரு வாரத்துக்கும் மேல் வளர்ப்பார்கள். பல ஊர்களில் அந்த அறைக்குள் ஆண்களுக்கு அனுமதி இல்லை. தினமும் இரவு பெண்கள் கூடிக் கும்மியடித்துப் பாடுவார்கள். பயிர் உயரமாக வளர்ந்தால் ஊர் செழிக்கும் என்பது நம்பிக்கை. விதை நன்றாக முளைக்கிறதா என்று பார்க்கும் பழைய டெஸ்ட் இது என்று சொல்பவர்களும் உண்டு. கடைசி நாளில் தலையில் சுமந்து ஊர்வலமாகப் போய் நீர்நிலையில் கரைப்பார்கள். ஆடிப்பெருக்கு அன்று காவிரிக்கரையில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். கச்சேரி என்றால் பாடுபவர் ஒரு பக்கம், கேட்பவர் ஒரு பக்கம். கும்மியில் எல்லோரும் வட்டத்தின் உள்பக்கம் பார்த்துத்தான் நிற்கிறார்கள். கேட்பவள் அம்மன் மட்டும்தான்.

சாமிக்கே தாலாட்டா?

ஆமாம். மாரியம்மன் தாலாட்டு என்றே ஒரு பாட்டு உண்டு. வீட்டில் ஒருவருக்கு அம்மை போட்டால், ‘அம்மா வந்திருக்கா’ என்றுதான் சொல்வார்கள். வேப்பிலை கட்டி, வீட்டைக் குளிர்ச்சியாக வைத்து, நோயாளி அருகே உட்கார்ந்து தாலாட்டு பாடுவார்கள்.

இதன் லாஜிக் அழகானது. அம்மை என்பது உக்கிரமாகிவிட்ட தாயின் சூடு. அழுகிற குழந்தையைத் தூங்க வைப்பதுபோல, அந்தத் தாயையும் பாடித்தான் தணிக்க வேண்டும். தாலாட்டு யாருக்குத் தெரியும்? வீட்டுப் பெண்களுக்கு. ஊரையே பயமுறுத்திய ஒரு நோயின் முன்னால், வீட்டில் தினமும் பாடும் பாட்டே அவர்களுக்குக் கருவியானது.

பாட்டு நோயைக் குணப்படுத்தவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசிதான். இந்தியாவில் 1975-ல் கடைசி நோயாளி பதிவானார், 1980-ல் உலகமே பெரியம்மையில் இருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் மருந்து இல்லாத காலத்தில், கதவடைத்த வீட்டுக்குள் நோயாளியைத் தனியாக விடாமல் பக்கத்தில் உட்கார வைத்தது அந்தப் பாட்டு.

இது எவ்வளவு பழசு?

சிலப்பதிகாரம் வரைக்கும் போகலாம். அதன் 30 காதைகளில் 24-வது குன்றக்குரவை. மதுரையை எரித்துவிட்டு மலைக்கு வந்த கண்ணகி வானுலகம் போவதைக் குறவர் மக்கள் பார்க்கிறார்கள். இவள் நம் தெய்வம் என்று முடிவெடுத்து, பறை முழக்கிக் கொண்டாடுகிறார்கள், குரவை ஆடுகிறார்கள். குரவை என்றால் கைகோத்து வட்டமாக ஆடிப் பாடுவது. சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல் எடுத்துக் கோயில் கட்டியது அதற்குப் பிறகுதான். அதாவது கண்ணகியை முதலில் தெய்வமாக்கியவர்கள் மலைவாழ் மக்கள், ராஜா லேட்டாகத்தான் வருகிறார்.

திருப்பாவையும் திருவெம்பாவையும்கூட, விடியற்காலையில் ஒருத்தியை ஒருத்தி எழுப்பிக் கூட்டிப்போகும் பெண்களின் பாட்டாகத்தான் அமைந்திருக்கின்றன.

சம்ஸ்கிருத மரபிலும் இதே இழை உண்டு. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஸ்ரீசக்ர மகாமேரு கோயில் இருக்கிறது, அங்கே தெய்வம் லலிதா திரிபுரசுந்தரி. வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் கூடிப் படிக்கும் லலிதா சகஸ்ரநாமம் இவளுடைய ஆயிரம் பெயர்கள்தான். அந்தப் பெயர்களை முதன்முதலில் அமைத்தவர்கள் வசினி முதலான எட்டு வாக்தேவிகள் என்பது புராணக் கதை. ஒரு பெண் தெய்வத்தை எட்டுப் பெண் தெய்வங்கள் பாடுவதுதான் அதன் தொடக்கம்.

கூட்டமாகப் பாடினால் உடம்பில் என்ன நடக்கும்?

2013-ல் ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து பாடும் இளைஞர்களின் இதயத்துடிப்பை அளந்தார்கள். பாட்டின் வரிகள் மூச்சை ஒழுங்குபடுத்த, பாடுபவர்களின் இதயத்துடிப்பு ஒரே நேரத்தில் கூடிக் குறைவது தெரிந்தது. கும்மியில் இதோடு காலடியும் கைதட்டலும் சேர்கிறது. வட்டத்தில் நின்ற பெண்கள் ‘மேலு சிலிர்த்துப் போச்சு’ என்று சொன்னால், அதை வெறும் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்போ இது பெண் விடுதலையா?

பாதி ஆமாம், பாதி இல்லை.

ஆமாம் பக்கம்: கருவறைக்குள் பெரும்பாலும் ஆண்கள்தான். தமிழ்நாடு அரசின் அர்ச்சகர் பயிற்சியை 3 பெண்கள் முடித்துச் சான்றிதழ் வாங்கியது 2023-ல்தான், அதுவே பெரிய செய்தியானது. ஆனால் கும்மி வட்டத்துக்குள் பூசாரி தேவையில்லை, மந்திரம் தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அங்கே தலைமை ஏற்கலாம். பாரதியார் பெண் விடுதலையைப் பாடக் கும்மி வடிவத்தைத் தேர்ந்தெடுத்ததும் சும்மா இல்லை.

இல்லை பக்கம்: வட்டத்துக்குள் யார் நிற்கலாம் என்பதிலும் விதிகள் இருந்தன. மாதவிடாய் நாட்களில் வரக்கூடாது, கணவரை இழந்தவர்கள் முளைப்பாரி எடுக்கக்கூடாது, சேரிப் பெண்கள் தனியாக நிற்க வேண்டும் என்றெல்லாம் பல ஊர்களில் கட்டுப்பாடுகள். பாட்டு பெண்களுடையது, விழாக் கமிட்டி ஆண்களுடையது. இதை உடைத்த உதாரணமும் உண்டு. மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி சித்தர் பீடத்தில் பெண்கள் கருவறைக்குள் போய்ப் பூஜை செய்யலாம், மாதவிடாயும் அதற்குத் தடையில்லை. செவ்வாடை உடுத்திய பெண்கள் கூடி மந்திரங்களைப் பாடுவது அங்கே வழிபாட்டின் மையம்.

இப்போது சிக்கல் என்ன?

ஸ்பீக்கர்தான். ஈஸ்வரி அம்மாவின் குரலை யாரும் குறை சொல்ல முடியாது. பிரச்னை வால்யூமில் இருக்கிறது. பந்தலில் நாள் முழுக்க ரெக்கார்டு ஓடினால், பக்கத்தில் 20 பெண்கள் கைதட்டிப் பாடுவது யாருக்கும் கேட்காது. பாடினவர்கள் மெல்ல மெல்லக் கேட்பவர்களாக மாறிவிடுவார்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்கிறது 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். அந்த அமைதி நேரம்தான் பழைய கும்மிக்கு மிச்சம்.

நல்ல செய்தியும் இருக்கிறது. கொங்குப் பகுதியில் வள்ளி கும்மி மறுபடி சூடுபிடித்திருக்கிறது. ஆண்களே ஆடிவந்த அந்தக் கலையில் பெண்களுக்கும் பயிற்சி தந்த கோவை பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அது முருகன், வள்ளி கதை, மேடையும் யூனிஃபார்மும் உண்டு. தெருவுக் கும்மி வேறு ரகம் என்றாலும், ஐ.டி. வேலைக்குப் போகும் பெண்களும் ஸ்டெப் கத்துக்க வருவார்கள் என்பதற்கு அது சாட்சி.

நாம் என்ன செய்யலாம்?

வீட்டில் பாட்டியோ, பெரியம்மாவோ கும்மிப் பாட்டு தெரிந்தவராக இருந்தால் போனில் ரெக்கார்டு செய்யுங்கள். ஆனால் அவரைத் தனியாக உட்கார வைத்துப் பாடச் சொன்னால் பாதிப் பாட்டுதான் வரும். திருப்பிப் பாட ஆள் இல்லாமல் அடுத்த அடி ஞாபகம் வராது. கூட நாலு பேர் நின்று, கைதட்டி, வாங்கிப் பாடுங்கள். மறந்துபோன வரிகள் அப்போதுதான் வெளியே வரும்.

குரல் சரியில்லை, ராகம் தெரியாது என்பதெல்லாம் கும்மியில் செல்லாது. அடி எடுத்துக் கொடுக்க ஒருத்தர் போதும். அந்த ஒருத்தருக்கு இப்போது 70 வயதைத் தாண்டிவிட்டது என்றால், அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போடாமல் இந்த ஆடியிலேயே கேட்டுவிடுங்கள்.