கருமுட்டையைக் குலைக்கும் தானிய நச்சு: வரம்பு விதிப்பது எப்போது?

புது தில்லி: பூஞ்சை படிந்த தானியத்தை உண்டால் கல்லீரல் கெடும் என்பது பலரும் அறிந்ததே. 1974-ஆம் ஆண்டு ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் பழங்குடியினர் கிராமங்களில் அத்தகைய மக்காச்சோளத்தை உண்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்குக் காரணமான அஃப்ளாடாக்சின் நச்சுக்கு இன்று சட்ட வரம்பு உண்டு. ஆனால், பெண்ணின் கருவுறும் திறனோடு தொடர்புடைய மற்றொரு பூஞ்சை நச்சு போதிய கவனம் பெறவில்லை.

அதன் பெயர் ஜியராலினோன். மக்காச்சோளம், கோதுமை, பார்லி ஆகியவற்றில் ஈரப்பதம் மிகும்போது வளரும் ஃபுசேரியம் வகைப் பூஞ்சைகள் இதை உருவாக்குகின்றன. பெண்மைக்குரிய ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போலவே இது உடலில் செயல்படுகிறது. இந்த நச்சு கலந்த தீவனம் தின்ற பெண் பன்றிகளுக்குச் சினைப் பருவம் பிறழ்வதையும், சினை பிடிக்காமல் போவதையும் கால்நடை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகக் கண்டு வருகின்றனர்.

பன்றி, சுண்டெலி ஆகியவற்றின் கருமுட்டைகளைக் கொண்டு ஆய்வகங்களில் நடந்த சோதனைகள் மேலும் ஒன்றை உணர்த்துகின்றன. கருமுட்டை முதிரும்போது குரோமோசோம்களைப் பிரித்தெடுக்கும் நுண்ணிழைகளை இந்த நச்சு குலைக்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பழுதடைகின்றன. பெண்களுக்கும் இதே பாதிப்பு நேர்கிறது என்று இன்னும் நேரடியாக நிரூபிக்கப்படவில்லை. ஆயினும், ஐரோப்பா அதுவரை காத்திருக்கவில்லை. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.25 மைக்ரோகிராம் என்பதே ஏற்கத்தக்க அளவு என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் வரையறுத்தது. தானியங்களுக்கும் அங்கு உச்சவரம்பு உள்ளது.

அதே 2011-இல் இந்தியாவில் வெளியான உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் அஃப்ளாடாக்சின், ஆக்ராடாக்சின், பாட்டுலின் ஆகியவற்றுக்கு வரம்பு விதித்தன. ஜியராலினோன் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை.

வரம்பு விதித்தால் மட்டும் போதுமா என்ற கேள்வியும் எழுகிறது. 2019-இல் வெளியிடப்பட்ட தேசியப் பால் ஆய்வில், 6,432 மாதிரிகளில் 368-இல் அஃப்ளாடாக்சின் எம்1 வரம்பை மீறியிருந்தது. அத்தகைய மாதிரிகள் அதிகம் காணப்பட்ட மாநிலம் தமிழகம். பூஞ்சை படிந்த தீவனத்தின் வழியாகவே இந்த நச்சு பாலுக்கு வருகிறது.

சமைப்பதால் பூஞ்சை நச்சுகள் முற்றிலும் அழிவதில்லை. அறுவடையானதும் தானியத்தை உலர்த்துவதும், ஈரம் புகாமல் சேமிப்பதுமே முதன்மையான தடுப்பு. கொள்முதலில் ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கோரி மழைக்காலந்தோறும் தில்லிக்குக் கடிதங்கள் வருகின்றன. விவசாயியின் அந்தக் கோரிக்கை நியாயமானது. ஆனால், கொள்முதல் நிலையங்களில் உலர்த்தும் வசதி பெருகாத வரை அந்தத் தளர்வு முழுத் தீர்வாகாது.

கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஊட்டச்சத்து உணவை உரிமையாக்கியது 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம். எவ்வளவு தானியம் என்பதைப் பற்றி நாடாளுமன்றம் பலமுறை விவாதித்துள்ளது. அந்தத் தானியத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதும் அங்கே எழ வேண்டிய கேள்வி. குழந்தைப் பேறு தள்ளிப்போனால் பெண்ணையே குறை கூறும் சமூகத்தில், அவளது தட்டுக்கு வரும் உணவைச் சோதித்து வழங்குவது அரசின் கடமை.