ஷாடோஸ் குழுவின் கிதார் ஒலி

வால்வு வைத்த பழைய வானொலிப் பெட்டியை நேயர்களிற் பலர் மறந்திருக்கமாட்டார்கள். குமிழைத் திருகியவுடன் அது பேசிவிடாது. உள்ளேயிருக்கும் வால்வுகள் செந்நிறமாகக் கனன்று சூடேறிய பின்னரே குரல் மெல்ல எழும். மும்பையின் சோர் பஜாரில் அத்தகைய பெட்டிகளை இன்றும் காணலாம். அவற்றுட் பலவற்றில், ஒலிபெருக்கியை இயக்கும் இறுதி வால்வாக அமைந்திருந்தது இ.எல்.84 என்பது. அதே வால்வுக்கு 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்து முழுவதும் ஒலித்த ஓர் இசைத்தட்டிலும் பங்குண்டு. பாட்டு ஒரு சொல்லும் இல்லாத அத்தட்டின் பெயர் ‘அப்பாச்சி’; இசைத்தவர்கள் ஷாடோஸ் குழுவினர்.

கிளிஃப் ரிச்சர்டு என்னும் பாடகருக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர்கள் இவர்கள். முதலில் டிரிஃப்டர்ஸ் என்று பெயர் வைத்திருந்தனர். அப்பெயரில் அமெரிக்காவில் வேறொரு குழு இருந்தமையால் 1959இல் ஷாடோஸ், அதாவது நிழல்கள், என மாற்றிக்கொண்டனர். பாடகரின் நிழலாக நின்றவர்களுக்குப் பொருத்தமான பெயர்தான்! தம் பெயரில் அவர்கள் முன்னர் வெளியிட்ட தட்டுகள் எடுபடவில்லை. பாடகரின்றித் தாமாக நிற்க இயலுமா என்ற கேள்வி அவர்கள் முன் இருந்தது. ஜெர்ரி லார்டன் என்பவர் ‘அப்பாச்சி’ மெட்டை அமைத்துப் பெர்ட் வீடன் என்ற கிதார்க் கலைஞரிடம் கொடுத்திருந்தார். அவர் வாசித்த முறை லார்டனுக்கு நிறைவளிக்கவில்லை. பின்னர், இசைச் சுற்றுலா ஒன்றில், உகுலேலி என்னும் சிறு கருவியில் அதை ஷாடோஸ் குழுவினருக்கு வாசித்துக் காட்டினார்.

மெட்டு கிடைத்துவிட்டது, அதற்குரிய ஒலி எங்கிருந்து வந்தது?

போருக்குப் பின் ஏற்பட்ட டாலர் நெருக்கடியால், அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதிக்கு இங்கிலாந்தில் நெடுங்காலம் கட்டுப்பாடு இருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு என்றால் என்னவென்று நம் நாட்டவருக்கு விளக்கவேண்டியதில்லை. கட்டுப்பாடு தளர்ந்த 1959இல், குழுவின் முதன்மைக் கிதார்க் கலைஞரான ஹாங்க் மார்வினுக்காகக் கிளிஃப் ரிச்சர்டு ஃபெண்டர் நிறுவனத்தின் கிதார் ஒன்றை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார். தாம் போற்றிய ஜேம்ஸ் பர்ட்டன் வாசிப்பது ஃபெண்டர் என்பதுமட்டும் அவர்களுக்குத் தெரியும். எந்த வகை என்பது தெரியாது. அத்தகைய கலைஞர் விலை உயர்ந்ததைத்தானே வாசிப்பார் என்று கருதி, விலைப்பட்டியலில் மேலாக இருந்த ஸ்ட்ராடோகாஸ்டரைக் கேட்டு எழுதினார்கள். பர்ட்டன் வாசித்ததோ டெலிகாஸ்டர்! இப்பிழை நேராதிருந்தால் இவ்வொலி பிறந்திராது என்றே கருதுகிறோம்.

ஏனெனில் ஸ்ட்ராடோகாஸ்டரில் ஒரு நெம்புகோல் உண்டு. வீணையில் தந்தியை மெட்டின்மேல் இழுத்தால் சுருதி ஏறும். இங்கோ கோலை அழுத்தினால் ஆறு தந்திகளும் ஒருங்கே தளர்ந்து சுருதி இறங்கும். விட்டால் பின்புறச் சுருள்வில்கள் பழைய நிலைக்கு இழுத்துவிடும். மார்வின் இக்கோலைக் கைக்குள் வைத்துக்கொண்டே மீட்டினார். நீண்ட ஸ்வரங்கள் அதனால் மெல்ல அசைந்தன. தந்தியதிர்வை மின்னலையாக மாற்றும் பிக்கப் என்பது, ஆறு சிறு காந்தங்களைச் சுற்றி நுண்ணிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருளேயாகும். ஒற்றைச் சுருளாதலின் ஒலி தெளிவாகவும் கூர்மையாகவும் வரும்.

ஆம்ப்ளிபயர், கென்ட் மாவட்டத்து டார்ட்ஃபோர்டில் ஜென்னிங்ஸ் நிறுவனம் செய்த வாக்ஸ். டிக் டென்னி வகுத்த 15 வாட் பெட்டியில் இரண்டு இ.எல்.84 வால்வுகள். அரங்குகளில் இரசிகர்களின் கூச்சலுக்கு அது ஈடுகொடாமற்போகவே, நான்கு வால்வுகளும் இரண்டு ஒலிபெருக்கிகளும் கொண்ட 30 வாட் பெட்டி தோன்றியது.

இனி, எதிரொலிக்கு வருவோம். இதன் உயிர்நாடி அதுவே. ஜோ பிரவுன் என்ற பாடகர், தமக்குப் பிடிக்காத இத்தாலிய எதிரொலிக் கருவி ஒன்றை மார்வினுக்குக் கொடுத்தார். அதனுள் ஒலிப்பதிவு நாடா ஒன்று வளையமாகச் சுழலும். ஒரு முனை ஒலியைப் பதியும். அடுத்தடுத்து நிற்கும் முனைகள் அதையே சற்றுத் தாழ்த்திப் படித்துச் சொல்லும். நாடா வினாடிக்கு 15 அங்குலம் ஓடுவதாகவும், முனைகளுக்கிடையே 3 அங்குலம் இருப்பதாகவும் கொள்வோம். ஒலி வினாடியில் ஐந்திலொரு பங்கு கழித்துத் திரும்பிவரும். முனைகள் பலவாதலால் எதிரொலிகளும் பலவாகி, ஒரு தாளக்கட்டாகவே அமைந்துவிடும். திரும்புந்தோறும் உச்ச அதிர்வுகள் சிறிது குறைவதால், அவை மூல ஒலியோடு மோதாமல் பின்னால் மங்கி நிற்கும். நாடாவின் ஓட்டமும் முற்றிலும் சீரானதன்று; அதன் சிறு தடுமாற்றம் ஒலிக்கு ஒரு மெல்லிய அலைவைத் தந்தது. மார்வின் இரண்டு ஸ்வரங்களுக்கிடையே இடம் விட்டு வாசித்தார். அவ்விடத்தை எதிரொலி நிரப்பியது. கருவியுடன் உரையாடினார் என்றே கூறலாம்.

1960 ஜூனில் லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில், மால்கம் ஆடி பொறியாளராக இருக்கப் பதிவு நடந்தது. புரூஸ் வெல்ச் மின்சாரமில்லாத கிப்ஸன் கிதாரில் தாளம் பிடித்தார். ஜெட் ஹாரிஸ் பேஸ் கிதார், டோனி மீகன் டிரம். தொடக்கத்திலும் முடிவிலும் கேட்கும் சீனப் பறையை முழக்கியவர் கிளிஃப் ரிச்சர்டே. அன்று பாடகர் பக்கவாத்தியமானார். தயாரிப்பாளர் நாரி பாரமோர் மறுபக்கத்து இசையையே முன்னிறுத்த எண்ணியிருந்தார். அவருடைய மகள் ‘அப்பாச்சி’யை விரும்பவே மனத்தை மாற்றிக்கொண்டார். அத்தட்டு ஐந்து வாரம் இங்கிலாந்தின் முதலிடத்தில் இருந்தது.

அமெரிக்காவில் 1961இல் வெற்றி பெற்றது ஷாடோஸ் தட்டன்று. டென்மார்க்கின் யோர்கன் இங்மன் வாசித்த அதே மெட்டு இரண்டாமிடம் வரை ஏறியது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், மெட்டு ஒன்றாயினும் ஒலி எவ்வளவு வேறு என்பது செவிக்கே விளங்கும்.

மார்வினின் ஒலியைத் தேடுவோர் இன்றும் உளர். பழைய இத்தாலியக் கருவிகள் அரிதாகிவிட்டமையால், அவற்றின் முனைகளுக்கிடையேயுள்ள தூரத்தைக் கணக்கிட்டு, கணிப்பொறிச் சில்லு வைத்த சிறு பெட்டிகளைச் செய்கிறார்கள். நாடாவின் அந்தத் தடுமாற்றத்தையும் விட்டுவிடாமல் அளந்து சேர்த்திருக்கிறார்கள்.