இடமா... வலமா?

நியூயார்க்கில் கப்பலேறுகிறவர்களுக்கு ஒரு தீராத குழப்பம்: 'எந்தப் பக்கம் கேபின் போடலாம்?' பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குத் துண்டு போடுகிற சமாசாரமில்லை சார், பால்கனி கேபினுக்குக் கொட்டிக் கொடுக்கிற பணம்!

மன்ஹாட்டன் துறையில் கப்பல் ஊருக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படியே ரிவர்ஸ் எடுத்து, ஹட்சன் நதிக்கு வந்து, தெற்கே திரும்பும். இப்போது இடப்பக்கக்காரருக்கு யோகம். எம்பயர் ஸ்டேட் முதல், 2014-ல் திறந்த 1,776 அடி ஒன் வேர்ல்ட் டிரேட் சென்டர் வரை வரிசையாக வந்து சலாம் போடும். வலப்பக்கக்காரர் நியூஜெர்ஸியை வெறித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆனாலும் கொஞ்சம் பொறுத்தால், 1886-லிருந்து தீபத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிற சுதந்திரதேவி அவருக்குத்தான் தரிசனம் தருவாள்.

திரும்பும்போது பக்கம் மாறும். ஆனால், அது பெரும்பாலும் அதிகாலை. நீங்கள் குறட்டையில் இருப்பீர்கள்!

என்னைக் கேட்டால், ஒரு சாயங்காலக் காட்சிக்காகப் பால்கனி வேண்டாம். ஜன்னலில்லாத உள் கேபினைப் போட்டுவிட்டு, புறப்படுகிற நேரத்தில் மேல்தளத்துக்கு ஏறிவிடுங்கள். இரண்டு பக்கமும் உங்களுடையது. 1964-ல் திறந்த வெரசானோ பாலத்துக்கடியில் நுழையும்போது, 'ஐயையோ, புகைபோக்கி இடிக்கப் போவுது' என்று எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். பால்கனிக்காரர் அண்ணாந்தால் பெரும்பாலும் மேல்வீட்டுக்காரர் பால்கனியின் அடிப்பாகம்தான் தெரியும்.