பழைய விளையாட்டும் மாறாத பற்றும்

இளமையில் நம்மைப் பற்றிக்கொள்ளும் ஆசைகளுள் பல, வயது ஏற ஏற உதிர்ந்துவிடுகின்றன. சில மட்டும் வேரூன்றி நின்றுவிடுகின்றன. பம்பரத்தையும் கோலியையும் பெரும்பாலோர் பள்ளிப் பருவத்தோடு மறந்துவிடுகிறோம். ஆனால் சிறுவயதில் ஆடிய ஒருவகை வீடியோ விளையாட்டை நாற்பது வயதைக் கடந்த பின்னும் தேடி எடுத்து ஆடுவோர் உலகெங்கும் இருக்கின்றனர். அவ்வகை விளையாட்டுகளை 'ஆர்.பி.ஜி.' என்பர். ஆடுபவர் கதைமாந்தருள் ஒருவராக வேடம் பூண்டு, ஊர் ஊராகச் சென்று, பகையை வென்று, சிறுகச் சிறுக வலிமை பெற்றுக் கதையை முடிப்பதே அவற்றின் இலக்கணம்.

திரைப்படத்தை ஒத்த எழிலோடு புதிய விளையாட்டுகள் நாள்தோறும் வருகின்றன. அப்படியிருக்க, புள்ளி புள்ளியாகத் தெரியும் அப்பழைய படங்களில் இவர்கள் கண்ட இன்பம் யாது? 'இளமை நினைவுதான், வேறென்ன?' என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவர். அது பாதி உண்மையே. மீதிப் பாதியை இங்கே ஆராய்வோம்.

பல்கலைக்கழகத்தில் வளர்ந்த குழந்தை

1974ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். தாளும் பென்சிலும் பகடையுமே அதற்குக் கருவிகள். நண்பர் சிலர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்த, மற்றவர் பாத்திரங்களாவர்.

இதனைக் கணிப்பொறியில் ஏற்றியவர்கள் எங்கிருந்தவர்கள்? நம்மைப் போல் பல்கலைக்கழகங்களில் இருந்தவர்களே! இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் பாடம் கற்பிப்பதற்கென அமைந்த 'பிளேட்டோ' என்னும் கணிப்பொறி அமைப்பில், 1975 வாக்கிலேயே இவ்வகை விளையாட்டுகள் தலைகாட்டின. அவற்றுள் ஒன்றன் பெயர் 'பெடிட்5'. ஏதோ பாட வேலைக்குரிய கோப்பு என்று எண்ணும்படி அமைந்த பெயர் அது! நிருவாகத்தார் கண்டதும் அழித்துவிட்டனர். ஆயினும் ஆசை அழியவில்லை. 1981இல் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களான ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட் ஆகிய இருவர் இயற்றிய 'விசார்ட்ரி' வெளிவந்தது. ரிச்சர்ட் கேரியட் என்ற இளைஞரின் 'அல்டிமா'வும் அதே ஆண்டில் வந்தது.

இருபது எழுத்தில் ஓர் உலகம்

இவ்விரண்டையும் ஆடித் திளைத்தவர் ஜப்பானியரான யூஜி ஹோரீ. கணிப்பொறி இல்லாத எளிய வீட்டுப் பிள்ளைகளும் தொலைக்காட்சிப் பெட்டியில் ஆடத்தக்க ஒன்றைச் செய்ய அவர் விரும்பினார். அதன் பயனே 1986ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்'. அகிரா தோரியாமா அரக்கர் உருவங்களை வரைந்தார். கோயிச்சி சுகியாமா இசை அமைத்தார்.

அந்த விளையாட்டு முழுவதும் அடங்கிய இடம் 64 கிலோபைட். இன்று நாம் கைப்பேசியில் எடுக்கும் 3 மெகாபைட் நிழற்படம் ஒன்றின் இடத்தில், அத்தகைய விளையாட்டுகள் 48 அடங்கும். அச்சிறு இடத்துள் அரண்மனையும் ஊர்களும் குகைகளும் அரக்கரும் இசையும் குடியேற வேண்டும். என் செய்வது? எழுத்திலேயே சிக்கனம் பிடித்தனர். ஜப்பானிய மொழியில் ஹிரகானா, கதகானா என இருவகை அசையெழுத்துகள் உண்டு. கதகானாவில் ஏறத்தாழ இருபது எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு, மந்திரங்கள், அரக்கர் முதலியவற்றின் பெயர்களை அவற்றுக்குள் அடங்குமாறு அமைத்தனர். நம் எழுத்துகளில் பாதிக்கு மேல் நீக்கிவிட்டுக் காப்பியம் எழுதச் சொன்னால் எப்படி இருக்கும்? எண்ணிப் பாருங்கள். வீரனுக்கும் முன்புறத் தோற்றம் ஒன்றே வரைந்தனர். ஆகவே எத்திசையில் நடந்தாலும் அவன் நம்மையே பார்த்துக்கொண்டு நண்டு போல நகர்ந்தான்!

ஆடுபவர் தரும் பங்கு

இங்கேதான் பற்றின் வேர் இருக்கிறது. கருவி கொடுத்தது குறைவு. ஆகவே ஆடுபவர் மிகுதியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. தெருக்கூத்தில் காடும் இல்லை, கடலும் இல்லை. பாடுபவர் சொல்ல, பார்ப்பவர் மனத்தில் காடு விரிகிறது. அதுபோல நான்கு பச்சைப் புள்ளிகளைச் சிறுவர்கள் அடவியாகக் கண்டனர். 'விசார்ட்ரி'யின் சுரங்கங்களில் வழி தவறாதிருக்கக் கட்டத்தாளில் தம் கையாலேயே படம் வரைந்தனர்.

'டிராகன் குவெஸ்ட்' தொடங்கியவுடனே பகைவன் கோட்டை நீருக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிவது காலுக்கு எட்டாது! நாடு முழுவதும் சுற்றி, வலிமை சேர்த்த பின்னரே அங்கே போக முடியும். பாலம் ஒன்றைக் கடந்தால் பகை கடுமையாகும். அவசரப்பட்டவர் மடிவர்; பொறுத்தவர் வெல்வர்.

அன்று ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தவும் உழைப்பு வேண்டும். அரசன் 20 எழுத்துகள் கொண்ட 'உயிர்ப்பு மந்திரம்' ஒன்றைச் சொல்வான். அதை ஏட்டில் எழுதிவைத்து, மறுநாள் அப்படியே உள்ளிட வேண்டும். ஓரெழுத்துப் பிழைத்தாலும் பல நாள் உழைப்பு வீண்! 1987இல் வந்த இரண்டாம் பாகத்தில் அம்மந்திரம் 52 எழுத்துகள் வரை நீண்டது. தம் உழைப்பால் நிறைவு செய்த ஒன்றை யார்தான் எளிதில் மறப்பர்? 2021ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் தோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில், வீரர் அணிவகுப்பு இவ்விளையாட்டின் இசையோடுதான் தொடங்கியது. அன்றைய சிறுவர்களின் இசை, ஒரு நாட்டின் இசையாகிவிட்டது.

அழியும் செல்வம்

ஆனால் இச்செல்வம் அழிந்துவருகிறது. 1988இல் வந்த மூன்றாம் பாகத்தில் மந்திரத்துக்குப் பதிலாக, ஆட்ட நிலையைக் காக்கச் சிறு பேட்டரி வைத்தனர். பேட்டரி தீர்ந்தால் அதில் இருந்த நினைவு போயிற்று! இதனினும் பெரிது மற்றொரு குறை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு விற்பனையில் இல்லை என்று, வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறிற்று. நூலகங்கள் தாம் காத்துவைத்த விளையாட்டுகளைத் தொலைவிலுள்ள ஆராய்ச்சியாளர்க்குத் திறந்துவிட வேண்டும் என்ற வேண்டுகோளை, அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது.

புகழ்பெற்றவை புத்துருப் பெறுகின்றன. மூன்றாம் பாகமே 2024 நவம்பரில் புதுக்கோலத்தில் வந்தது. வரவேற்போம். ஆனால் புத்துரை வந்துவிட்டது என்று மூல ஏட்டை எரிப்பார் உண்டோ? கரையானுக்கு இரையான சுவடிகளின் கதையை அறிந்த நமக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நம்முள் கணிப்பொறி பயில்வோர் உண்டு. சட்டம் பயில்வோர் உண்டு. நூலகவியல் பயில்வோரும் உண்டு. பழைய பொருளைக் காக்க இம்மூவரும் வேண்டும். விடுதியில் அடுத்த அறை நண்பர் பழைய விளையாட்டொன்றில் மூழ்கியிருந்தால், 'இன்னுமா சிறுபிள்ளைத்தனம்?' என்று நகையாடாதீர்கள். அருகமர்ந்து ஒருமுறை ஆடிப் பாருங்கள். குறைந்த பொருளில் நிறைந்த உலகம் படைத்தோர் திறத்தையும், அதை நிறைவு செய்வதில் உங்களுக்குள்ள பங்கையும் அப்போது உணர்வீர்கள்.