கரிசலில் விழுந்த மோதிரம்

ஓட்டப்பிடாரம் பக்கம் பருத்தி எடுக்கையில் மோதிரம் கழன்று கரிசல் வெடிப்புக்குள் விழுந்தால், போனது போனதுதானா? மெட்டல் டிடெக்டர் கைகொடுக்கும். ஆனால், மண்ணிலுள்ள இரும்புத் தாதும் ஈர உப்பும்கூட அதைக் கத்த வைக்கும். அதற்குத்தான் 'கிரவுண்ட் பேலன்ஸ்'. உலோகம் இல்லாத இடத்தில், அடியிலுள்ள வட்டக் காயிலைத் தரைக்கு மேலே ஏற்றி இறக்கி, சத்தம் மாறாத அளவுக்குச் சரிசெய்யுங்கள். மழை பெய்தால் மறுபடியும்!

அடுத்து 'பின்பாயின்ட்' பட்டன். இதை அழுத்தினால் காயிலை ஆட்டாமலே சத்தம் வரும். கூட்டல் குறிபோல நகர்த்துங்கள். சத்தம் உச்சமாகும் இடத்தில் கையகலம் தோண்டினால் போதும்.

மோதிரத்துக்குப் பதில் பழங்காசு சிக்கினால்? பாஞ்சாலங்குறிச்சி வட்டாரமாயிற்றே! 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்தில் அனுமதியின்றித் தோண்டுவதே குற்றம்.